இரண்டாம் இடத்தில் யூதெல்கா

அத்தியாயம் 14

கத்தியுஸ்கா பெட்டியும் கையுமாகப் பிறந்த வீட்டில் வந்து இறங்கி ஆறு நாள் ஆகிவிட்டது. நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி மாப்பிள்ளையின் காப்பியில் போட்டுவிட்டு சாந்தியாகோவில் பஸ் ஏறியவள், இந்த ஆறு நாளில் இக்வேய் ஊரில் பாதிப் பேரிடம் அந்தக் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். மீதிப் பேருக்கு அவள் அம்மா சொல்லியிருந்தாள்.

காலை உணவு. மசித்த வாழைக்காய், வறுத்த சலாமி. எலிசியோ தலை நிமிராமல் சாப்பிட்டான். பதினான்கு மாதமாக அவனுக்கு எல்லாம் ஒரே ருசிதான். உப்பு அதிகம் என்று மற்றவர்கள் சொன்னால் தலையாட்டுவான்.

“அத்தான், இன்னிக்கு அஞ்சு மணிக்கு. ஞாபகம் இருக்குல்ல?” என்றாள் கத்தியுஸ்கா.

“இருக்கு.”

“லிஸ்ட்ல என் பேரு ஏறிடுச்சா?”

“இல்ல.”

மனைவி யூதெல்கா போய்ச் சேர்ந்த பிறகும் எலிசியோ மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டான். போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. போக அவனுக்குக் கால் வரவில்லை. அவள் ஆரம்பித்த ஆங்கில வகுப்பும் அப்படித்தான் அவன் தலையில் விழுந்தது. அவள் ஆத்மாவுக்கான ஒன்பது நாள் ஜெபம் முடிந்த மறு செவ்வாய்க்கிழமை, மாணவர்கள் வழக்கம்போல் ஐந்து மணிக்கு மாமியார் நேரெய்தா அத்தையின் பியூட்டி பார்லருக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவன் லேப்டாப்பைத் திறந்தான்.

அந்த வகுப்பில் எல்லாமே இலவசம். பாடம் நடத்தும் செயலி இலவசம். உச்சரிப்பைத் திருத்தும் குரல் இலவசம். காணொளி அழைப்பும் இலவசம், நாற்பதாவது நிமிடம் தானாக அறுந்துவிடும். செயலியில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். பதின்மூன்றாவது ஆளைச் சேர்த்தால் கிரெடிட் கார்டு கேட்கும். அந்த வீட்டில் இருந்த கார்டெல்லாம் அடையாள அட்டைகள்தான்.

இன்றைக்கு பாவரோ கடற்கரையிலிருந்து ஒரு பெரிய விடுதியின் ஆள் எடுக்கும் அதிகாரி, பெகேரோ மேடம், வகுப்புக்குள்ளேயே காணொளியில் வரப் போகிறார். வரவேற்பு மேசைக்கு இரண்டு பேர் வேண்டுமாம். பட்டியலில் இருப்பவர்களைப் புள்ளி வரிசைப்படி கூப்பிட்டுப் பேச வைப்பார். பட்டியலில் இல்லாதவர்களுக்கு வாய்ப்பில்லை. நான்கு மணிக்குள் பட்டியல் முடிவாக வேண்டும்.

“பன்னெண்டும் ஃபுல்” என்றான் எலிசியோ.

“மூணு வருஷம் கால் சென்டர் போன்ல வெள்ளைக்காரன்கிட்டத் திட்டு வாங்கிருக்கேன். எனக்கு இல்லாத சீட்டா? பன்னெண்டுல ஒண்ணு காலிதான அத்தான்.”

கரண்டிச் சத்தம் நின்றது.

மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் பாடம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க, யூதெல்கா தன் பெயரையும் ஒரு மாணவியாகச் சேர்த்து வைத்திருந்தாள். அது அப்படியே இருந்தது.

“அக்கா செருப்பு, அக்கா பாவாடை, அக்கா சைக்கிள். எல்லாம் நான் எடுத்ததுதான்” என்றாள் கத்தியுஸ்கா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “திட்டுவா. ஆனா குடுத்துருவா.”

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்ற மாமனார் தான்க்ரேதோவுக்குக் காப்பி புரையேறியது. “இப்ப என்ன அவசரம்? ஞாயித்துக்கிழம வரைக்குமாவது அவ பேரு இருக்கட்டும்.”

“ஞாயித்துக்கிழம என்ன விசேஷம்?” என்றாள் நேரெய்தா அத்தை.

“பூசை.”

தான்க்ரேதோ நாற்பது வருடம் தலைநகருக்குப் பஸ் ஓட்டியவர். கோயிலுக்குக் கடைசியாகப் போனது தன் கல்யாணத்துக்கு.

“டோமினோ ஆட்டத்துல வரிசையா பதினோரு ஞாயிறு தோத்துருக்காருடி. பன்னெண்டாவதுக்கு வேண்டுதல் போல” என்றாள் அத்தை.

“தோக்கல. ஏமாத்தறானுங்க. ஆட்டத்துல பேசக் கூடாதுன்னு சட்டம். அந்த வால்டரும் நியூயார்க்ல டாக்ஸி ஓட்டிட்டு வந்த செப்பேயும் இங்கிலீஷ்ல பேசிக்கறானுங்க. கேட்டா வெயிலப் பத்தியாம்.”

“அப்ப நீங்களும் கத்துக்கறது. வகுப்பு நம்ம வீட்லதான நடக்குது.”

“நானா? ஸ்பானிஷ்லயே பேச வேண்டியது இன்னும் பாதி பாக்கி இருக்கு.”

எழுந்து போய்விட்டார். மகள் பெயர் என்றதும் மனசு தாங்கவில்லை என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

*

பத்து மணிக்கு எலிசியோ பார்லரின் மூலை மேசையில் லேப்டாப்பைத் திறந்தான்.

பெயர்கள் எப்போதும் அகரவரிசையில்தான் வரும். ஸ்பானிஷ் எழுத்தில் யூதெல்கா கடைசி. திரையைக் கீழே உருட்டினால்தான் தெரியும். அவன் உருட்டுவதில்லை. பதினோரு பேரோடு நிறுத்திக்கொள்வான்.

மேடம் புள்ளி வரிசை கேட்டிருந்தார். வரிசையை மாற்றும் பொத்தானை முதல்முறையாக அழுத்தினான்.

முதல் இடம், நர்ஸ் அராசெலி. இரண்டாம் இடம், யூதெல்கா ரிஹோ. 4,310 புள்ளி. தொடர்ந்து 391 நாள். கடைசியாகப் பாடம் படித்தது இன்று காலை 5.12.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். 5.12தான்.

நீக்கும் பொத்தானுக்கு அம்பை நகர்த்தினான். ஒரு பெட்டி திறந்தது. ‘இந்த மாணவரை நிச்சயமாக நீக்க வேண்டுமா? இவர் கற்ற அனைத்தும் அழிந்துவிடும்.’ கீழே ஒரு கார்ட்டூன் கிளி அழுதுகொண்டிருந்தது.

கிளி அழுவதை இரண்டு நிமிடம் பார்த்தான். லேப்டாப்பை மூடினான்.

அத்தை ஒரு கல்யாணப் பெண்ணின் தலையில் ரோலர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு மாப்ள. இந்தக் கிளிப்பப் புடி.”

“யூதெல்கா பேர்ல யாரோ பாடம் படிக்கறாங்க.”

அத்தையின் கை நின்றது. “யாரோவா? அப்ப நீ இல்லயா?”

“நானா?”

“நீதான்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்கோம்!”

“எல்லாரும்னா?”

“கிளாஸ் மொத்தமும்தான். எங்க போன்ல புள்ளி வரிசை தெரியுமே. ஜனவரில எட்டாவது எடத்துல இருந்தா. ஈஸ்டருக்கு என்னத் தாண்டிட்டா. கோவமே வரல மாப்ள, பெருமையா இருந்துச்சு. மருந்துக்கடை வில்மான் ரெண்டாவது எடத்துல இருந்தான்ல? அவ கிட்ட நெருங்கினதும் படிக்கறதையே நிறுத்திட்டான். செத்தவங்கள முந்தக் கூடாதாம். சோபெய்தா மெழுகுவத்தியே ஏத்திட்டா.”

“எங்கிட்ட யாரும் சொல்லலயே.”

“நீ தனியா உக்காந்து அவ பாடத்தப் படிச்சு மனச ஆத்திக்கறேன்னு நெனச்சோம். அதப் போயி எந்த வாயால கேக்கறது?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப யாரு?” என்று அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். கையோடு கல்யாணப் பெண்ணின் முடியும் போனது. அவள் அலறினாள்.

கத்தியுஸ்காவிடம் சொன்னபோது அவள் பயப்படவில்லை.

“பேயா? முன்னூத்துத் தொண்ணூத்தியோரு நாள் விடாமயா? உயிரோட இருக்கும்போதே அக்கா சேந்தாப்ல நாலு நாள் எதையும் செஞ்சதில்ல. நீங்க மொதல்ல பேர எடுங்க அத்தான்.”

“யாரோ படிக்கறாங்க. அழிச்சா எல்லாம் போயிரும்.”

“எனக்கு வேல போறது பரவால்லயா?”

நான்கு மணி வந்தது. போனது. பட்டியல் அப்படியே பெகேரோ மேடத்திடம் போயிற்று.

*

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பார்லர் நிரம்பிவிட்டது. லேப்டாப் நகப்பூச்சு மேசையில், சீசாக்களுக்கு நடுவே. மாணவர்களில் பாதிப் பேர் அத்தையின் வாடிக்கையாளர்கள்தான். முடி காய வைக்கும் ட்ரையருக்கு அடியில் ஒரு மணி நேரம் நகர முடியாது. அந்த நேரத்தில் ஒரு மொழியாவது கற்றுக்கொள்ளலாம் என்பது யூதெல்காவின் யோசனை. ட்ரையர் சத்தத்தில் காது கேட்காது. அதனால் பதிலெல்லாம் கத்தலாகத்தான் வரும்.

கத்தியுஸ்கா தலை நிறைய ரோலரோடு கடைசி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தானைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்படி பார்க்கவில்லை.

அப்போது தான்க்ரேதோ உள்ளே வந்தார். பார்லருக்குள் ஆண்கள் வருவதே தப்பு என்று சொல்கிறவர்.

“வீட்ல ஃபேன் ஓடல” என்றார் பொதுவாக. காலியாக இருந்த ட்ரையர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பி மாதிரி அதைத் தலைக்கு இறக்கிக்கொண்டார். பக்கத்து ட்ரையரில் வால்டரின் மனைவி சோபெய்தா.

பெகேரோ மேடம் திரையில் வந்தார். பின்னால் ஒரு கடற்கரைப் படம். நிஜக் கடல் அவர் ஜன்னலுக்கு வெளியே இருநூறு அடியில் இருந்தது.

அதற்கு மேல் நடந்ததெல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கிலம் பேசும்போது அந்த பார்லரில் எல்லோருக்கும் முதுகு நிமிர்ந்துவிடும்.

அராசெலி எழுந்தாள். “மாலை வணக்கம். நான் ஒரு செவிலி. நான் என் நோயாளிகளை நேசிக்கிறேன். அவர்கள் என்னை நேசிப்பதில்லை. எனினும் நான் புன்னகை செய்கிறேன்.”

“மிக நன்று” என்று மேடம் எழுதிக்கொண்டார். “அடுத்து யூதெல்கா ரிஹோ. முந்நூற்றுத் தொண்ணூற்றொரு நாள், ஒரு நாள்கூடத் தவறவில்லை. இவரைச் சந்திக்கத்தான் நான் மிகவும் ஆவலாக இருக்கிறேன். எங்கே இவர்?”

ட்ரையர்கள் மட்டும் இரைந்தன.

எலிசியோ வாயைத் திறந்தான். வராதவர் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். வராதவர் என்ற சொல் வரவில்லை. இறந்தகாலத்தைப் பதினோரு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எந்த மொழியிலும் இதுவரை அவன் சொன்னதில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

“இதோ இருக்கிறேன்.”

குரல் ட்ரையருக்கு அடியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில்.

எல்லாத் தலையும், ரோலரும் சேர்ந்து, திரும்பின. தான்க்ரேதோவின் கையில் யூதெல்காவின் பழைய போன் இருந்தது. அவருடைய போன் சாக்கடையில் விழுந்தபோது அத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

“நீங்கள்தான் யூதெல்காவா?” என்றார் மேடம்.

“இல்லை, அம்மையீர். நான் அவளுடைய தந்தை. அவள் எழுந்து போயிருக்கிறாள். அவளுடைய கையை நான் ஆடுகிறேன்.”

மேடத்துக்குப் புரிந்ததோ என்னவோ, பார்லருக்குப் புரிந்தது. டோமினோவில் ஒருவர் பாதி ஆட்டத்தில் எழுந்து போனால், அவர் விட்ட காய்களை அப்படியே எடுத்து இன்னொருவர் ஆடுவார். ஆட்டத்தைக் கலைப்பதில்லை. அத்தை கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

“சுவாரசியம்” என்றார் மேடம். “சரி, ஐயா. ஒரு விருந்தினர் வருகிறார். மேல் அறையில் சத்தம், தூங்க முடியவில்லை என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?”

தான்க்ரேதோ ட்ரையரைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தார். பதின்மூன்று மாதம் விடியற்காலையில் படித்ததெல்லாம் கண்ணில் வந்து நின்றது.

“ஐயா, என்னிடம் பொய் சொல்லாதீர்கள். உங்கள் கூட்டாளியிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும்.”

“மன்னிக்கவும்?”

“இரட்டை ஆறுக் காய் யாரிடம் உள்ளது? மேசையின் மீது கைகளை வையுங்கள். நான் உங்கள் மொழியை அறிவேன்.”

சோபெய்தா தன் ட்ரையரைத் தூக்கினாள். “அட பாவி மனுசா! இதுக்குத்தான் இங்கிலீஷ் படிச்சியா? எங்க வால்டரப் புடிக்கறதுக்கா?”

பார்லர் சிரித்த சிரிப்பில் நகப்பூச்சு சீசா இரண்டு உருண்டன. திரையில் மேடமும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எலிசியோ மட்டும் சிரிக்கவில்லை. மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, அவ பேர்ல ஏன்?” என்றான் மெல்ல.

“போனைத் தொறந்தா அதுவா வருது மாப்ள.” தான்க்ரேதோ அவன் கண்ணைப் பார்க்கவில்லை. “மொதல்ல டோமினோவுக்காகத்தான். அப்பறம்... காலைல அஞ்சு மணிக்கு அது கேக்கும். ‘நலமா, யூதெல்கா?’ யாராவது ஒருத்தர் பதில் சொல்லணுமில்ல? நலம்னு ஒரு தட்டு தட்டுவேன்.”

அத்தை திரும்பி நின்று துண்டுகளை மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த துண்டுகள்.

“ஐயா, நீங்கள் மிகவும் அருமையானவர்” என்றது திரை. “ஆனால் வேலைக்கு எனக்கு உங்கள் மகள் வேண்டும்.”

தான்க்ரேதோ மெதுவாக எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. கையிலிருந்த போனைப் பார்த்தார். நேராகக் கடைசி நாற்காலிக்குப் போய் அதை கத்தியுஸ்காவின் மடியில் வைத்தார்.

“மீதிய நீ ஆடு.”

கத்தியுஸ்கா ரோலரோடு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஓ, வந்துவிட்டாரா!” என்றார் மேடம்.

யாரும் அவரைத் திருத்தவில்லை. அவசரம். மணி ஓடிக்கொண்டிருந்தது.

மேடமே கோபக்கார விருந்தினராக மாறி நான்கு நிமிடம் கத்தினார். கத்தியுஸ்கா ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அறையை மாற்றிக் கொடுத்தாள். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தாள். கடைசியில் விருந்தினர் தன் மருமகளைப் பற்றி அவளிடம் புலம்பத் தொடங்கிவிட்டார்.

“வீட்ல இந்த மாதிரி ஒரு நாள் பேசியிருப்பாளா?” என்றாள் அத்தை, எலிசியோவின் காதில்.

பிறகு மற்றவர்கள். அத்தையின் முறை வந்தபோது, “அம்மையீர், உங்கள் கூந்தலின் நுனி பிளவுபட்டுள்ளது, செவ்வாய்க்கிழமை வருக” என்றாள். கடைசியாக வில்மான் எழுந்து, “என்னுடைய மிகப்பெரிய பலம் என்பது” என்றபோது நாற்பதாவது நிமிடம் வந்தது. திரை கறுத்தது. வில்மானின் பலம் என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

*

இருபது நிமிடம் கழித்து எலிசியோவின் போனுக்குச் செய்தி வந்தது. அதுவரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. சோபெய்தாவின் முடி எப்போதோ காய்ந்துவிட்டது. ஆனாலும் ட்ரையருக்கு அடியிலேயே இருந்தாள்.

“வால்டர்கிட்ட நான் வாயத் தொறக்க மாட்டேன் தான்க்ரேதோ. ஆனா இந்த வருஷம் பூரா என் தலைக்கு ஓசிதான்.”

“அது என் பொண்டாட்டி கட.”

“அப்ப சொல்லிருவேன். அதுசரி, அவங்க ரெண்டு பேரும் என்னதான் பேசிக்கறாங்க?”

“போன வாரந்தான் முழுசாப் புரிஞ்சுது.” தான்க்ரேதோவின் முகம் மாறியது. “காயப் பத்தி இல்ல. ஞாயித்துக்கிழம சொல்றேன்.”

எலிசியோ செய்தியைப் படித்தான். நிறுத்தினான். மறுபடி படித்தான்.

“சொல்லுங்க அத்தான்!”

“ரெண்டு பேர எடுத்துட்டாங்க. அராசெலி. அப்பறம் யூதெல்கா ரிஹோ. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு அடையாள அட்டையோட வரணுமாம். அப்பாவையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்கன்னு போட்டிருக்கு.”

கைதட்ட எழுந்த கைகள் பாதியில் நின்றன.

“அதாவது நான்தான?” என்றாள் கத்தியுஸ்கா. “பேரு மட்டும்தான அக்கா பேரு?”

அவளே தொடர்ந்தாள், வேகமாக. “அக்கா கார்டு டிராயர்ல இருக்கு. முகம் ஒரே சாடைதான். எல்லாரும் சொல்லுவாங்களே. முடிய இப்படி இழுத்துக் கட்டினா...”

“உன் மூக்கு அவளுக்கு இல்லடி” என்றாள் அத்தை.

“மூக்க யாரும்மா பாக்கப் போறாங்க! இந்த வேல போனா நான் சாந்தியாகோவுக்குத்தான் திரும்பிப் போகணும். அந்தக் காப்பிக்காரன்கிட்ட.”

தான்க்ரேதோ தலையாட்டினார். “எழுந்து போனவங்க கைய ஆடலாம் மகளே. அவங்க பேர்ல கையெழுத்துப் போடக் கூடாது.”

கத்தியுஸ்கா உட்கார்ந்துவிட்டாள். ஒரு ரோலர் கழன்று தோளில் தொங்கியது. எல்லோரும் எலிசியோவைப் பார்த்தார்கள். காலையிலேயே அந்தப் பெயரை எடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

அவன் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனான். குரல் செய்திக்கான பொத்தானில் கட்டைவிரலை வைத்தான். அத்தை போய் ட்ரையர்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். கடைசி ட்ரையரும் நின்றபோது தெருவில் போன மோட்டார் சைக்கிள்கூட வீட்டுக்குள் வந்ததுபோல் கேட்டது.

“பெகேரோ அம்மையீர்” என்றான் ஆங்கிலத்தில். “நான் ஆசிரியர் எலிசியோ. உங்களிடம் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். யூதெல்கா என் மனைவி.”

விநாடிகள் ஓடின. ஏழு. எட்டு. ஒன்பது.

“பதினான்கு மாதங்களுக்கு முன்பு அவள் இறந்துவிட்டாள்.”

வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை. அராசெலி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வில்மான் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான்.

விரலை எடுத்தால் செய்தி போய்விடும். எலிசியோ எடுக்கவில்லை. கத்தியுஸ்காவைப் பார்த்தான். அவள் மடியில் இருந்த போனைப் பார்த்தான். அவன் தொண்டையில் உப்புக் கரித்தது. வெகு நாளைக்குப் பிறகு அது என்ன ருசி என்று அவனுக்குத் தெரிந்தது.

“நீங்கள் இன்று கேட்ட குரல்” என்று தொடர்ந்தான், “அவளுடைய தங்கையினுடையது.”